மீட்டிங்கில் புளியங்கொட்டை

செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்கில் எங்கள் டீமில் மேனேஜரோடு சேர்த்துப் பதினொரு பேர் உட்காருவோம். பேசுவது மூன்று பேர். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் வேலை பார்த்தாயிற்று, வாய் சும்மா இருக்காது. மீதி எட்டுப் பேர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மேனேஜர் ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்று கேட்பார். எட்டுத் தலைகள் ஆடும். அது ஆமாவா இல்லையா என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரிலீஸ். வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலையில் போன் வந்தது: பணம் கட்டியவர்களில் சிலருக்கு அதே பில் மறுபடியும் போயிருக்கிறது. காரணம் தேதி. பழைய பக்கம் நாள் முதலில், மாதம் பிறகு. புதிய பக்கம் மாதம் முதலில். மார்ச் 5-ஆம் தேதி கட்டிய பணம் மே 3-ஆம் தேதி கட்டியதாகப் பதிவாகிவிட்டது. மே இன்னும் வரவில்லை, ஆகவே பணமும் வரவில்லை என்று நிரல் முடிவு செய்து பில்லை அனுப்பிவிட்டது. 12-க்கு மேற்பட்ட தேதிகள் என்றால் பிரச்சினையே இல்லை; பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று நிரல் அங்கேயே நின்றிருக்கும், நாங்களும் பார்த்திருப்போம். பன்னிரண்டுக்குள் இருந்த தேதிகள்தான் சத்தம் போடாமல் உள்ளே நுழைந்துவிட்டன. சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் போயின.

இதை எங்கள் டெஸ்டர் ஒருவர் பத்து நாட்களுக்கு முன்பே பார்த்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். திங்கட்கிழமை டீக்கடையில் கேட்டேன்.

“முன்னாடியே பார்த்திருக்கீங்க. மீட்டிங்ல ஏம்மா சொல்லல?”

“டிக்கெட் போட்டேன் சார். லோ பிரியாரிட்டின்னு மாத்திட்டாங்க.”

“சரி, மீட்டிங்ல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். மனசுக்குள்ள இங்கிலீஷ்ல கோத்து முடிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த பாயிண்டுக்குப் போயிட்டீங்க.”

‘நீங்க’ என்று அவர் சொன்னது டீமையா, என்னையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதன் பிறகு சில மாதங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான் படித்ததும் அலுவலகத்தில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அவர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்கு உளவியலில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1953-இல் ஒரு புத்தகம் எழுதி பிரெய்ன்ஸ்டார்மிங் என்ற முறையைப் பிரபலப்படுத்தினார். எல்லோரும் கூடி உட்கார்ந்து, யாரையும் குறை சொல்லாமல், தோன்றியதை எல்லாம் சொல்லிக்கொண்டே போனால் யோசனைகள் கொட்டும் என்பது அவர் கட்சி. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்தால் எத்தனை வருகிறது, வேறு நான்கு பேர் தனித்தனி அறையில் யோசித்துப் பிறகு சேர்த்தால் எத்தனை வருகிறது என்று எண்ணினார்கள். (மனிதனின் ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஒரு கட்டைவிரல் முளைத்தால் என்ன நல்லது, என்ன கெட்டது என்பது அவர்கள் கொடுத்த கேள்விகளில் ஒன்று. நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் அதிர்ஷ்டம் என்று ஒரே பதிலில் முடித்திருப்பார்கள்.) தனித்தனியாக யோசித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் கொடுத்தார்கள்.

ஏன் என்பதற்கான நல்ல பதில் 1987-இல்தான் வந்தது. மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபெ என்ற இரண்டு பேர் ஜெர்மனியில் ஒரு சோதனை வைத்தார்கள். ஆட்கள் தனித்தனியாகவே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வேறொருவர் பேசும்போது எதிரே ஒரு விளக்கு எரியும், அது அணையும் வரை வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் மாற்றம். யோசனைகளின் எண்ணிக்கை கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் அளவுக்குச் சரிந்துவிட்டது. அதாவது சோம்பேறித்தனமும் கூச்சமும் பெரிய காரணங்கள் இல்லை. முறைக்குக் காத்திருப்பதுதான் காரணம். ஒரு வாய் பேசும்போது பத்து மூளைகள் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும்போது தன் யோசனையை மறக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், புதிதாக யோசிக்க முடியாது. கூடவே அதை இன்னொரு மொழியில் கோக்கவும் வேண்டும் என்றால், எங்கள் டெஸ்டரின் நிலைமைதான்.

இந்த வரிசையை உடைக்க என்ன வழி என்று தேடினால் முதலில் வருவது லெகோ. ஆமாம், குழந்தைகள் அடுக்கி விளையாடும் அதே பிளாஸ்டிக் கட்டைதான். 1990-களின் நடுவில் லெகோ கம்பெனியின் தலைவர் கியெல் கிர்க் கிறிஸ்டியான்சனுக்குத் தன் கம்பெனி மீட்டிங்குகளிலேயே திருப்தி இல்லை. உலகத்துக்கெல்லாம் கற்பனையை விற்கிறோம், நம் ஆட்கள் உட்கார்ந்து பேசினால் ஒன்றும் வருவதில்லையே என்ற குறை. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரிலுள்ள ஐ.எம்.டி. என்ற மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்கள் யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் இருவரும் அவரும் சேர்ந்து, கட்டைகளையே மீட்டிங்குக்குள் கொண்டுவந்தால் என்ன என்று தொடங்கினார்கள். லெகோவின் கல்விப் பிரிவில் இருந்த ராபர்ட் ராஸ்முசென் அதைத் திருத்தித் திருத்தி ஒரு முறையாக்கினார். லெகோ சீரியஸ் பிளே என்று பெயர். 2010-இல் அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கம்பெனியே திறந்துவிட்டது.

முறை எளிது. நடத்துபவர் ஒரு கேள்வி கேட்பார். உதாரணமாக, ‘இந்த வேலையில் உங்களுக்குப் பெரிய தடை எது, கட்டிக் காட்டுங்கள்’. எல்லோரும் சில நிமிடம் பேசாமல் கட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தான் கட்டியதைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் கட்டப்பட்ட பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கட்டியவரைப் பற்றிக் கேட்கக் கூடாது. ‘நீ ஏன் இப்படி நினைக்கிறாய்’ என்று கேட்க முடியாது. ‘இந்தச் சிவப்புக் கட்டை ஏன் வெளியே நிற்கிறது’ என்று கேட்கலாம். வேடிக்கை பார்ப்பவர் என்று யாரும் கிடையாது, மேனேஜரும் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டும் நேரத்தில் பத்து ஜோடிக் கைகளும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. டீலும் ஸ்ட்ரோபெயும் பார்த்த அந்த விளக்கு இங்கே எரிவதே இல்லை.

படித்ததும் பிடித்துவிட்டது. பெட்டியின் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எங்கள் மேனேஜரிடம் ‘சார், பொம்மை வாங்கணும், பட்ஜெட் கொடுங்க’ என்று கேட்பதை நினைத்தும் பார்த்தேன். வேண்டாம்.

அப்புறம்தான் ராபர்ட் சேம்பர்ஸ் கண்ணில் பட்டார். இங்கிலாந்துக்காரர், வளர்ச்சித் துறை ஆய்வாளர். 1970-களின் முற்பாதியில் நம் வடஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் நெல் விவசாயம் பற்றி கேம்பிரிட்ஜ் நடத்திய ஆய்வில் வேலை பார்த்தவர். நீண்ட நீண்ட கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு விவசாயிகளைக் கேள்வி கேட்பதில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. காரில் வந்து இறங்கி, தார் ரோட்டோரம் நாலு பேரிடம் பேசி, அவர்களும் வசதியான ஆண்களாகவே இருந்து, அதை வைத்து அறிக்கை எழுதும் நிபுணர்களை அவர் ‘ஊரகச் சுற்றுலாப் பயணிகள்’ என்று கிண்டல் செய்தார். எங்கள் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கும் அப்படித்தான். தார் ரோட்டோரம் நிற்கும் மூன்று பேரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம்.

1988 வாக்கில் கென்யாவிலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் ஒரு புதிய முறை உருவாகிறது. பி.ஆர்.ஏ. என்று தொண்டு நிறுவனத்தார் சுருக்கமாகச் சொல்வார்கள். ஊர் மக்களே தங்கள் ஊரை ஆராய்ந்து மதிப்பிடுவது. இந்தியாவில் குஜராத்தின் ஆகாகான் ஊரக உதவித் திட்டம், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா ஆகியவை முன்னோடிகள். தமிழ்நாட்டில் மதுரையை மையமாகக் கொண்ட ஸ்பீச் என்ற தொண்டு நிறுவனம் அன்றைய காமராசர் மாவட்டத்து, அதாவது இன்றைய விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்தது. சேம்பர்ஸும் 1989 முதல் 1991 வரை ஐதராபாத்தில் தங்கியிருந்து இதோடு ஊறினார்.

என்ன செய்தார்கள்? ஊர்ப் பொதுவிடத்தில் தரையில் உட்கார்ந்து, ஊரின் வரைபடத்தை மக்களையே போடச் சொன்னார்கள். கோலப்பொடி, கல், குச்சி, இலை, கொட்டை, கையில் கிடைத்ததெல்லாம் கருவி. எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதற்குக் கொட்டைகள். எந்த மரம் எதற்கு உதவும் என்பதைத் தரையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் விதைகளை வைத்து மதிப்பெண் கொடுப்பார்கள். எந்த நிறுவனம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பெரிதும் சிறிதுமாக வெட்டிய காகித வட்டங்களால் காட்டுவார்கள். அதற்கு ‘சப்பாத்திப் படம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம்மூர் வேளாண் கல்லூரி மாணவர்கள் கடைசி வருஷம் கிராமத்தில் தங்கும்போது வண்ணப் பொடியில் ஊர் வரைபடம் போட்டுக் காட்டுவார்களே, செய்தித்தாளில் படம்கூட வருமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

சேம்பர்ஸ் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. காகிதமும் பேனாவும் இருந்தால் பேனா பிடித்தவன்தான் ராஜா. தரை என்றால் பல கைகள் ஒரே நேரத்தில் நுழையும், கோட்டை அழிக்கலாம், கல்லை நகர்த்தலாம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தப்பைத் திருத்தலாம். அதிகாரி தன் கையிலிருக்கும் குச்சியை மக்களிடம் கொடுத்துவிட்டு விலகி உட்கார வேண்டும். ‘குச்சியைக் கைமாற்றுவது’ என்பது அவர்கள் வழக்கில் ஒரு தொடராகவே ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. நான் முடிச்சூர்க்காரன். டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைதாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் ஒரு கூட்டம் போட்டோம். இரண்டு மணி நேரம் சத்தம். யார் நிலத்தை உயர்த்தினார்கள், யார் கால்வாயை அடைத்தார்கள், யாருக்கு மனு கொடுப்பது. ஒரு முடிவும் இல்லை. கடைசியில் பால் போடும் பெரியவர் ஒருவர் உடைந்த செங்கல் துண்டை எடுத்துச் சிமென்ட் ரோட்டில் கோடு போட ஆரம்பித்தார். “இது மெயின் ரோடு. தண்ணி முதல்ல வந்தது இந்தப் பக்கம் இல்ல, இதோ இந்த மூலையில.” சுற்றி நின்றவர்கள் குனிந்தார்கள். “இல்லண்ணே, அதுக்கும் முன்னாடி எங்க வீட்டுப் பின்னாடி வந்துடுச்சு” என்று வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மா இன்னொரு துண்டை எடுத்தார். அதுவரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. கால் மணி நேரத்தில் தெருவுக்குத் தண்ணீர் நுழைந்த மூன்று வழிகளும் ரோட்டில் சிவப்பாக இருந்தன. நான் அதைப் போனில் படம் எடுத்தேன். அது ஒரு ‘முறை’ என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். சோழிங்கநல்லூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடம், ஆறாவது மாடி. அங்கே கோலப்பொடி கொண்டுபோனால் கார்ப்பெட் பாழாகும். பங்குனியில் அம்மா வருஷத்துப் புளி வாங்கிக் கொட்டை எடுத்துவிட்டு ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் போனது போக மீந்தது. கழுவிக் காயவைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துப் போனேன்.

முதல் தடவை சொதப்பினேன். எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னேன். சீனியர் ஒருவருக்கு முழங்கால் வலி, அவர் மட்டும் நாற்காலியில். ஆக அவர் மேலே, நாங்கள் கீழே. தரை கொடுக்க வேண்டிய சமத்துவம் அங்கேயே போயிற்று. அடுத்து, எப்படி வைப்பது என்று காட்டுவதற்காக என் கொட்டைகளை நானே முதலில் வைத்தேன். மற்றவர்கள் அழகாக நான் வைத்த இடத்திலேயே வைத்தார்கள்.

இரண்டாவது தடவை பெரிய மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். உட்கார்ந்து செய்வதைவிட நின்று செய்வது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். நிற்பவர் நகர்வார், கை நீட்டுவார். முதலில் கொட்டை இல்லை, வரைபடம். எங்கள் மென்பொருளில் ஒரு பில் பிறந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை என்ன வழியில் போகிறது, மேஜையில் இருக்கும் பொருளை வைத்து அடுக்குங்கள் என்றேன். டேட்டாபேஸுக்கு டிபன் பாக்ஸ். இணைப்புகளுக்கு சார்ஜர் ஒயர். பேப்பர் கப், ஸ்டேப்ளர், யாரோ ஒருவருடைய ஐடி கார்டு. ஐந்து நிமிடம் பேச்சு கூடாது. எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டமாக இருந்தது.

பேசாமல் கைகள் மட்டும் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு அனுபவம். ஒருவர் வைத்த ஒயரை இன்னொருவர் நகர்த்துவார், அவர் மறுபடி பழைய இடத்துக்கே இழுப்பார். எங்கே இழுபறி நடக்கிறதோ அங்கேதான் டீமுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. வாயால் பேசியிருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. அந்த டெஸ்டர் வந்து, இரண்டு டிபன் பாக்ஸுக்கு நடுவே ஸ்டேப்ளரைக் கவிழ்த்து வைத்தார். யாருக்கும் புரியவில்லை. நேரம் முடிந்ததும் கேட்டேன்.

“இந்த ஸ்டேப்ளர் என்ன?”

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஜாப் ஓடுது சார். பழைய ஃபார்மேட்லயே தேதியை எடுத்து எழுதுது. அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.”

அந்த அமைப்பின் பெரும்பகுதியை வடிவமைத்தவன் நான். அந்த ஜாப் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. அவர் அதைத் தமிழில் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி பொருளைப் பற்றி இருந்ததால் பதிலும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வந்துவிட்டது. ஹைதராபாத்காரர் ஒருவர் மட்டும் ‘என்ன சொன்னாங்க’ என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தச் சின்ன மொழிபெயர்ப்பு வேலை, வழக்கமாக இவர்கள் தலையில் இருப்பது, ஒரு நாள் எதிர்ப்பக்கம் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பிறகு அவரிடம், இதெல்லாம் விளையாட்டாக இருக்கிறதே என்று கூச்சமாக இல்லையா என்று கேட்டேன். “நாங்க ஸ்கூல்லயே அட்டை எடுத்துப் பாயில உக்காந்துதான சார் படிச்சோம்” என்றார். எனக்கு உறைத்தது. 2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில், ரிஷி வேலி பள்ளியின் முறையைப் பார்த்துத் தொடங்கப்பட்டது செயல்வழிக் கற்றல். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு கிடையாது, பாய். அட்டைகள், கற்றல் ஏணி, குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் தாழ்வான கரும்பலகை. டீச்சரும் கூடவே தரையில். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள்தான் இப்போது இன்ஜினியரிங் முடித்து நம் அலுவலகங்களுக்கு வந்திருப்பவர்கள். கையால் எடுத்து வைத்துக் கற்றவர்களை ஓவல் மேஜையில் உட்காரவைத்து இங்கிலீஷில் ‘எனி கொஸ்டின்ஸ்’ கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் கொட்டைகள். இதற்கு நான் பின்பற்றியது ரவி ஜெயகரன் என்பவர் எழுதி வைத்த பத்து விதை முறை. பி.ஆர்.ஏ. மதிப்பெண் கொடுப்பதையே சுருக்கியது. ரிலீஸ் தாமதமாவதற்கு என்னென்ன காரணம் என்று ஆளுக்கு இரண்டு சீட்டு, பெயர் போடாமல், தமிழோ இங்கிலீஷோ. ஒரே மாதிரி சீட்டுகளைச் சேர்த்தால் ஆறு காரணங்கள் தேறின. பிறகு ஆளுக்குப் பத்துக் கொட்டை, எந்தக் காரணத்துக்கு எத்தனை என்று மனசுக்குள் முடிவுசெய்து, ‘வைக்கலாம்’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் என்பது முக்கியம். மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமானதுதான். வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பிட நாம் விளையாடும் பிளானிங் போக்கர் சீட்டுகளை ஜேம்ஸ் கிரெனிங் 2002-இல் எழுதியது இதே தொல்லைக்காகத்தான். பெரியவர் ஒருவர் ‘மூணு நாள்’ என்று சொல்லிவிட்டால் சின்னவர் எட்டு நாள் என்று சொல்ல மாட்டார். சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்பினால் மூன்றும் எட்டும் பக்கத்துப் பக்கத்தில் மேஜையில் கிடக்கும். அப்புறம் பேசித்தான் ஆக வேண்டும். வருஷக்கணக்காக இந்தச் சீட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தும், அதன் உள்ளே இருக்கும் காரணத்தை மற்ற மீட்டிங்குகளுக்கு எடுத்துப்போக எனக்குத் தோன்றவே இல்லை.

பதினொரு பேர், 110 கொட்டை. ஆறு குவியல்களில் ஒன்று மட்டும் மலை மாதிரி நின்றது. அந்தச் சீட்டில் தமிழில் எழுதியிருந்தது: ‘தேதி சொன்ன பிறகு எங்களைக் கேட்கிறார்கள்.’ அதாவது வாடிக்கையாளரிடம் ரிலீஸ் தேதியை மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறம் டீமிடம் வந்து முடியுமா என்பார். மேனேஜர் சிரித்தார், நல்ல மனுஷர். ‘வெரி யூஸ்ஃபுல்’ என்றார். போனில் படம் எடுத்துக்கொண்டார். அதோடு சரி.

அதற்கடுத்த மாதம் அதே விளையாட்டு. ஆறு குவியலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. ஆளாளுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து, பரவாயில்லையே, பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை போல என்று நினைத்து எழுதியும் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டர்தான் கேட்டார்: “போன தடவை வச்சதுக்கு என்ன சார் ஆச்சு?”

தலையாட்டல் கொட்டை வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பி.ஆர்.ஏ. உலகத்தில் இந்த அடியை முன்பே வாங்கியிருக்கிறார்கள். டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர், நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஆழமாக எழுதியவர், 1990-களில் மேற்கு இந்தியாவின் பில் பழங்குடிக் கிராமங்களில் கிரிப்கோ நடத்திய விவசாயத் திட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே பி.ஆர்.ஏ. நடந்ததைப் பார்த்து அவர் எழுதியது இது: ஊர்ப் பொதுவிடத்தில், வெளியாட்கள் முன்னால் நடக்கும் எதுவும் ஒரு பொது நிகழ்ச்சிதான். பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஒதுங்கி நிற்பார்கள். ஊரின் செல்வாக்குள்ளவர்கள் தங்கள் தேவையை ஊரின் தேவையாகத் தரையில் வரைந்துவிடுவார்கள். திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் மக்கள் அதையே ‘எங்கள் தேவை’ என்று வைப்பார்கள். 2001-இல் பில் குக், உமா கோத்தாரி இருவரும் தொகுத்த ஒரு புத்தகம், பங்கேற்பு என்பதே புதிய கொடுங்கோன்மையா என்று தலைப்பிலேயே கேட்டது. அந்தத் தொகுப்பிலும் மோஸின் கட்டுரை உண்டு.

இதை எங்கள் ஆறாவது மாடிக்குக் கொண்டுவந்தால்: விளையாட்டு, மேஜையைச் சுற்றி நிற்கும் நேரத்துக்கு மட்டும் பதவியை மறக்க வைக்கிறது. அப்ரைசல் எழுதுவது யார் என்பது யாருக்கும் மறப்பதில்லை. ராத்திரி ஜாப் மாதிரி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதில் இது பிரமாதமாக வேலை செய்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. தேதி மாதிரி, ஒருவரின் அதிகாரத்தைத் தொடும் விஷயத்தில் அது குவியலைக் காட்டியதோடு நின்றுவிட்டது. என்ன செய்யப்போகிறோம் என்ற உறுதி இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. அது என் தப்பு, மேனேஜருடையது அல்ல.

நான் மேனேஜரிடம் தனியாகப் போய் இரண்டு மாதத்துப் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சமமான குவியல்களைப் பார்த்து அவரும் முதலில் நான் நினைத்ததையே நினைத்தார். விளக்கியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “டேட் விஷயம் என் கையிலயும் முழுசா இல்லப்பா” என்றார். அது உண்மைதான். அதையாவது டீமிடம் சொல்லுங்கள் என்றேன், சொன்னார். இப்போது நடப்பது என்னவென்றால், வாடிக்கையாளரிடம் தேதி பேசும் முன் டெஸ்டர்கள் இரண்டு பேரிடமும் ஒரு தடவை கேட்கிறார். அவர்கள் சொன்ன தேதியே கிடைப்பதில்லை. பாதி தடவை நாலைந்து நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்தக் குவியல் இப்போதும் பெரிதுதான், ஆனால் சமமாக இல்லை, குறைந்தபட்சம் யாரும் இரண்டு இரண்டாகப் பிரித்து வைப்பதில்லை.

இன்னும் சரிவராதது ஒன்று. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் திரையில் இருப்பார்கள், மேஜைக்கு அவர்கள் கை எட்டாது. ஆளுக்குப் பத்துக் காசு எடுத்துத் தட்டில் வைத்து கேமராவில் காட்டச் சொன்னேன். பாதி பேருக்குக் கேமரா போட விருப்பமில்லை. இப்போதைக்கு இங்கிருக்கும் ஒருவர் அவர்களுக்குக் கையாக இருக்கிறார், அவர்கள் சாட்டில் எண்ணை எழுத, இவர் எடுத்து வைப்பார். ஒரே நேரத்தில் என்ற விதி இதில் அடிபடுகிறது.

ஹார்லிக்ஸ் பாட்டில் என் டெஸ்க்கிலேயே இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒரு நாள் துடைக்கும்போது அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஆபீஸ்ல பல்லாங்குழியா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். மாடிக்கு எத்தனை பேர், எந்த ரூமில் எத்தனை கப் மிச்சமாகிறது, எந்த மீட்டிங் முடிந்ததும் யார் முகம் எப்படி இருக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்கு அடுத்த மீட்டிங் பதினொரு மணிக்கு, அவருக்கு அதே நேரம் நாலாவது மாடி. பாட்டிலைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.